முதல் திரையில் ஓர் உபயம்

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கு நான் மென்பொருள் எழுதிக் கொண்டுபோனபோது செயலாளர் கேட்ட முதற் கேள்வி, “என்ன விலை பிள்ளை?” என்பதுதான். காசு வேண்டாம் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். “சும்மாவோ? அப்ப பின்னாலை ஆர் நிக்கினம்?” என்றார். பின்னால் ஒருவரும் நிற்கவில்லை என்று அவரை நம்பவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அர்ச்சனைச் சீட்டு அடிக்கும். எந்த நாள் திருவிழா எந்தக் குடும்பத்துக்கு என்று வைத்திருக்கும். வெளிநாட்டில் இருக்கிற உபயகாரருக்கு உங்கள் நாள் வருகிறது என்று நினைவூட்டும். யாழ்ப்பாண நகரத்தில், வெளிநாட்டுக்காரருக்கு வேலை செய்து கொடுத்த ஒரு சின்ன நிறுவனத்தில் சில வருடங்கள் இருந்தேன். அதை மூடிவிட்டார்கள். அதன் பிறகு கரவெட்டியில் வீட்டோடு இருந்தேன். கணவருக்குப் பிரதேச செயலகத்தில் வேலை. அவருடைய சம்பளத்தில் அடுப்பு எரிந்தது. கை சும்மா இருக்கமாட்டேன் என்றதால்தான் அந்த மென்பொருளை எழுதினேன்.

மனம் என்னவோ சும்மாதான் இருந்தது. நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே மாதிரி வந்து ஒரே மாதிரிப் போயின. தங்கைக்குப் பிள்ளை பிறந்தது என்றார்கள், அப்படியா என்றேன். பக்கத்து வளவில் பனை முறிந்து எங்கள் குசினிக்கூரையில் விழுந்தது, அதற்கும் அப்படியா என்றேன். பருத்தித்துறையில் ஒரு டொக்டரிடம் காட்டினேன். இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசை எழுதித் தந்தார். ஒழுங்காகப் போட்டேன். இரத்தம் மட்டும் கூடியது.

நான் எழுதியது கட்டற்ற மென்பொருள். கறியைக் கொடுக்கும்போது செய்முறையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது என்று எங்கள் அம்மாவுக்கு விளக்கியிருக்கிறேன். வாங்கியவர் உப்பைக் கூட்டலாம், புளியைக் குறைக்கலாம், அதையே சட்டியில் வைத்துச் சந்தியில் விற்கவும் செய்யலாம். காசு வாங்கக்கூடாது என்று அந்த உரிமத்தில் எங்கும் இல்லை. தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒருமுறை சும்மா கொடுத்த பொருளுக்கு மறுமுறை விலை சொல்ல எங்கள் ஊரில் ஒருவருக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை.

திருத்த வேலைக்காவது ஏதும் தாருங்கள் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். “கோயில் வேலைக்குக் காசோ பிள்ளை? பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார்,” என்றார் செயலாளர். திருவிழா முடிந்து பூங்காவனத்தன்று ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நீர்வேலிக் கோயில் ஒன்று கேட்டது, அங்கும் போய்க் கணினியில் பூட்டிக் கொடுத்தேன். அங்கும் பொன்னாடை, கூடவே ஒரு வாழைக்குலை. “இன்னும் ரெண்டு கோயில் எண்டால் யன்னலுக்கெல்லாம் திரை போட்டிடுவீர் போலை,” என்றார் கணவர். குலையைப் பழுக்கவைத்துச் சாப்பிட்டோம். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அந்த நாட்களில்தான் கற்பூரக்கடை அக்கா வீட்டுக்கு வந்தார்.

கோயில் வாசலில் கற்பூரம், ஊதுபத்தி, தேங்காய், அர்ச்சனைத் தட்டு எல்லாம் வைத்து விற்கிறவர். திருவிழாக் காலத்தில் வடமராட்சியில் வேறு கோயில்களுக்கும் கடையைக் கொண்டுபோய்ப் போடுவார். அவருடைய கணவர் எப்போதோ காலமாகிவிட்டார். ஒரே மகன். உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பிரிவு எழுதிவிட்டு மறுமொழி பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, மோட்டார் சைக்கிளில் போய் லொறியோடு மோதி அந்த இடத்திலேயே முடிந்துபோனான். பிறகு மறுமொழி வந்தது. அக்கா அதைப் போய்ப் பார்க்கவில்லை.

விறாந்தையில் கதிரையில் இருந்து தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கதையைத் தொடங்கினார்.

“பிள்ளை, கோயில் ஒபிசிலை உன்ரை சாமானைத் திறக்கேக்கை முதல்லை ஒரு பக்கம் வருகுதெல்லே?”

“ஓம் அக்கா. கோயிலின்ரை பேர் மட்டும் வரும்.”

“அதுக்குக் கீழை இடம் கிடக்கு.”

“கிடக்கு.”

“அதிலை என்ரை பிள்ளையின்ரை பேரைப் போடேலுமோ?”

எங்கள் பக்கத்துக் கோயில்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அங்கே பெயர் இல்லாத பொருள் இல்லை. மணியில் பெயர், மின்விசிறியில் பெயர், கால் கழுவும் குழாயில் பெயர். ரியூப் லைற்றில் எழுதிய பெயர்களைத் தாண்டி மிச்ச வெளிச்சம்தான் கீழே வரும். இன்னாரின் ஞாபகார்த்தமாக, உபயம் இன்னார். அக்கா ஒரு குழாய்க்குத்தான் முதலில் கேட்டிருக்கிறார். வெளிநாட்டுக்காரர் பலர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள், அடுத்த திருப்பணி வரைக்கும் பொறுங்கோ என்று கோயில் சபையில் சொல்லிவிட்டார்களாம். அவருக்குப் பொறுக்க விருப்பமில்லை. தன் பிள்ளையின் பெயர் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதி இருக்க வேண்டும். அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

செய்யலாம் என்றேன். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கோ என்று சொன்னேன். இது எல்லாருக்கும் பொதுவான சாமான். எவரும் எடுக்கலாம், மாற்றலாம். இந்தப் பெயர் இருக்கிற வரியை யாராவது எடுத்துவிட்டாலும் நான் ஒன்றும் செய்ய ஏலாது.

“கோயிலிலை எழுதின பேரை ஆர் பிள்ளை அழிக்கிறது?” என்றார் அக்கா. “வெள்ளையடிக்கேக்கையும் பேரைச் சுத்தித்தானே அடிப்பினம்.”

நான் சொன்னது அவருக்கு விளங்காமல் இல்லை. அப்படி ஒருவர் செய்வார் என்றுதான் அவர் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் நம்பவில்லை.

மறுநாள் வெற்றிலையில் வைத்துக் காசு தந்தார். மறுக்கப் பார்த்தேன். உபயத்துக்குக் காசு வாங்காவிட்டால் அது உபயம் இல்லை என்றார். விலை என்றால் கையைப் பொத்திக்கொள்ளும் ஊர், உபயம் என்றால் வீடு தேடிவந்து தருகிறது. அந்த மென்பொருளால் எனக்குக் கிடைத்த முதற் காசு அதுதான். சாமி அறையில் வைத்தேன். சந்தோஷப்படுகிற இடம் இது என்று தெரிந்தது. தெரிந்ததே தவிர, வேறு ஒன்றும் நடக்கவில்லை.

முதல் திரையில், கோயிலின் பெயருக்குக் கீழே, அமரர் என்று போட்டு அந்தப் பிள்ளையின் முழுப் பெயரையும் எழுதினேன். ஞாபகார்த்தமாக, உபயம் தாயார். அக்கா தினமும் காலையில் கடையைத் திறக்க முன்னம் ஒபிஸ் வாசலில் வந்து நிற்பார். கணக்கு எழுதுகிற கிளாக்கர் கணினியைப் போடுவார். பெயர் வரும், கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதன் பிறகுதான் கடைக்குப் போவார். “கொஞ்சம் கூட நேரம் நிக்கப் பண்ணேலாதோ பிள்ளை?” என்று கேட்டார். பண்ணினேன். உங்கடை சாமான் முந்தினதிலும் மெதுவாய்ப் போச்சு என்று கிளாக்கர் முறைப்பாடு சொன்னார். கணினி பழசு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த வருடத் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்பாக யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கணினிக் கடை என் மென்பொருளை எடுத்தது. நிறத்தை மாற்றி, முதல் திரை முழுக்க ஒரு சாமிப் படத்தைப் போட்டு, அடியில் கடையின் பெயரையும் போன் இலக்கத்தையும் போட்டு, பெட்டியில் அடைத்து, ஒரு வருட உத்தரவாதத்தோடு விற்கத் தொடங்கியது. நல்ல விலை. கோயில்கள் ஒவ்வொன்றாக வாங்கின. எங்கள் பிள்ளையார் கோயிலும் வாங்கியது. சும்மா கிடைத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு அதையே காசு கொடுத்து வாங்கினார்கள்.

செயலாளரிடம் கேட்டேன். அவர் கூச்சப்படவில்லை. “குறை நினையாதை பிள்ளை. அவங்கள் ரிசீற் தாறாங்கள். நாளைக்கு ஒண்டு பழுதாப்போனால் போய்ச் சண்டை பிடிக்க ஒரு ஆள் வேணுமெல்லோ? உன்னோடை நாங்கள் சண்டை பிடிக்கேலுமோ?” என்றார். அதில் நியாயம் இருந்தது. காசு கொடுத்தவனுக்குத்தான் சண்டை பிடிக்கிற உரிமை.

கடைக்காரர் உரிமத்தை மீறவில்லை. போய்ப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்கு. எழுதியவர் என்று என் பெயர், யாரும் திறக்காத ஒரு கோப்பில், நான் வைத்த இடத்திலேயே இருந்தது. முதல் திரையில் இருந்த பெயரைத்தான் காணவில்லை. படத்துக்கு இடம் வேண்டும் என்று எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது ஒரு வரி எழுத்து, அவ்வளவுதான்.

அக்கா அன்று பின்னேரம் வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

“அழிச்சுப் போட்டினம் பிள்ளை,” என்றார்.

“தெரியும் அக்கா.”

“களவோ?”

“களவில்லை அக்கா. எடுக்கலாம் எண்டு நான்தான் எழுதி வைச்சிருக்கிறன்.”

“பேரையும் எடுக்கலாம் எண்டோ?”

“ஓம்.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி நின்றார். காலமை போய் வாசலிலை நிண்டனான், கிளாக்கர் போட்டவர், சாமிப்படம் வந்தது, நான் கும்பிட்டிட்டுப் பேர் வருமெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான், என்று ஒரே சீராகச் சொன்னார். வாங்கிய காசை எடுத்து வந்து நீட்டினேன். “செத்த பிள்ளையின்ரை பேரிலை குடுத்த காசைத் திருப்பி வாங்கிறதோ? உள்ளுக்குக் கொண்டுபோய் வை,” என்றார். வைத்தேன்.

போகப் போனவர் படலையடியில் நின்று திரும்பி வந்தார்.

“அந்தக் கடைக்காரன் விக்கலாமோ?”

“விக்கலாம் அக்கா.”

“அப்ப நானும் விக்கலாமோ?”

நான் கொஞ்சம் யோசித்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை. “ஓம். ஆரும் விக்கலாம்,” என்றேன்.

அப்படித்தான் அது தொடங்கியது. பென்ட்றைவில் மென்பொருளைப் போட்டு, மஞ்சள் உறையில் வைத்து, கற்பூரப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்கினார். உள்ளே முதல் திரையில் மகனின் பெயர். என்ன விலை என்று கேட்டேன். பட்டினத்துக் கடை விற்கிற விலையை விசாரித்து அதைவிடக் கூட வைத்திருந்தார். கொஞ்சம் குறைத்தால் கோயில்காரர் வாங்குவார்களே என்றேன்.

“குறைச்சால் ஏதோ கூடாத சாமான் எண்டு நினைப்பினம் பிள்ளை. நீ சும்மா குடுத்தனி, என்ன நடந்தது? தூக்கி எறிஞ்சாங்கள். காசு குடுத்து வாங்கினதை ஒருத்தரும் எறியமாட்டினம். காசு குடுத்தால்தான் பேர் நிக்கும்.”

மென்பொருளுக்கு விலை வைக்கிறது சரியா பிழையா என்று வெளிநாட்டுக்காரர் எழுதிய கட்டுரைகள் எல்லாவற்றையும் வாசித்திருக்கிறேன். சுதந்திரம் என்பார்கள், சமூகம் என்பார்கள். பெயர் நிற்க வேண்டும் என்பதற்காக விலை வைத்த ஒருவரைப் பற்றி எங்கும் வாசித்ததில்லை.

விற்றார். ஒவ்வொரு திருவிழாவிலும் கடை போடுகிறவருக்கு அந்தந்தக் கோயில் ஒபிசில் யார் சொன்னால் நடக்கும் என்பது தெரியும். அங்கே கற்பூரம் கொடுத்துப் பழகிய கையால் இதையும் கொடுத்தார். வாங்கிய கோயிலுக்கு என்னைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவார். நான் கணினியில் ஏற்றிவிட்டு, கிளாக்கருக்குக் காட்டிக் கொடுப்பேன். போகிற ஒவ்வொரு முறைக்கும் எனக்கு ஒரு பங்கு தருவார். எங்கள் குசினிக்கூரைக்குப் புதுத் தகரம் போட்டோம். “கடைசியிலை கற்பூரக்கடையிலை உமக்கு வேலை கிடைச்சிட்டுது,” என்றார் கணவர். சிரித்தேன். சிரிக்கிற இடத்தில் சிரிப்பது அந்த நாட்களில் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

ஒவ்வொரு இடத்திலும் அக்கா எனக்குப் பின்னால் நிற்பார். முதல் திரை வரும்வரை மூச்சை விடமாட்டார். பெயர் வந்து போனதும் வெளியே போய், மர நிழலில் இருந்து வெற்றிலை போடுவார். மென்பொருள் வேலை செய்கிறதா இல்லையா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பருத்தித்துறைப் பக்கம் கடலோரமாக ஒரு அம்மன் கோயில் வாங்கியது. அங்கே எங்கள் இருவரையும் தெரிந்தவர்கள் இல்லை. கற்பூரம் கொடுக்கிற இன்னொரு ஆள் மூலம் வந்த கோயில். ஒபிசில் ஒரு வயதானவர் இருந்தார், பொறுப்பாளர் என்றார்கள். புதுக் கணினி, உறைகூட முழுதாகக் கழற்றவில்லை. கடற்காற்றுக்கு எல்லாம் பிசுபிசுத்தது. மென்பொருளை ஏற்றினேன். திரை வந்தது. இந்தப் பதிப்பில் பெயர் தானாக மறையாது, யாராவது ஒரு பொத்தானை அமர்த்தினால்தான் போகும். அக்கா கேட்டுச் செய்தது.

பொறுப்பாளர் குனிந்து வாசித்தார். கண் தெரியாமல் இன்னும் குனிந்தார்.

“ஆர் இந்தத் தம்பி? இதைச் செய்த ஆளோ?”

நான் வாயைத் திறந்தேன். ஞாபகார்த்தம் என்றால் இன்னது என்று சொல்லத்தான்.

“ஓம்,” என்றார் அக்கா எனக்குப் பின்னாலிருந்து. “என்ரை மகன். அவன்தான் செய்தது.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. விசைப்பலகையில் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

“நல்ல கெட்டிக்காரப் பிள்ளையா இருந்திருக்கும்,” என்றார் அவர். “என்னம்மா நடந்தது?”

“மோட்டார் சைக்கிள்.”

“அறுந்த மோட்டார் சைக்கிள்,” என்று திட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப தங்கச்சி ஆர்?”

“நான் இதைப் பூட்டிக் குடுக்க வந்தனான்,” என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

அவருக்கு என்னோடு அதற்குமேல் கதை இருக்கவில்லை. ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். அர்ச்சனைச் சீட்டில் நட்சத்திரத்தைப் பெயருக்கு முன்னே போட்டிருந்தேன். எங்கடை ஐயருக்குக் கண் குறைவு, அவர் நட்சத்திரத்தைத்தான் முதலில் தேடுவார் என்று ஒரு காலத்தில் யோசித்து யோசித்து வைத்த வரிசை அது. பொறுப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, “உதைப் பாருங்கோ, ஐயர்மாருக்கு எது சுகம் எண்டு யோசிச்சுச் செய்திருக்கிறான் பெடியன்,” என்று அக்காவிடம் சொன்னார். அக்கா தலையை ஆட்டினார். அவருடைய முகத்தை அப்போதுதான் பார்த்தேன். அந்த முகத்தில் பொய் சொல்கிறவரின் பயம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழாவுக்குப் போன தாய்மாரின் முகத்தை எனக்குத் தெரியும். அது அந்த முகம்.

எனக்குள் ஏதோ வலித்தது. கோபமா, பொறாமையா என்று தேடிப் பார்த்தேன். நான் எழுதியது அது. ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும். அதை என் கண் முன்னால் ஒரு செத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். வலித்தது என்பதே எனக்குப் புதினமாக இருந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஏதோ ஒன்று உறைத்திருக்கிறது.

பொறுப்பாளர் காசைக் கொடுத்தார். பேரம் பேசவில்லை. அக்கா எழும்பினார், நானும் பையை எடுத்தேன்.

“பிள்ளை இதை மட்டும்தான் செய்ததோ?” என்று கேட்டார் அவர். “கோயில் கல்யாண மண்டபத்துக்கும் ஒண்டு வேணும். வேறை ஏதும் செய்து வைச்சிட்டுப் போயிருக்கிறாரோ?”

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்த ஒபிசுக்குள் வந்த பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

“இருக்கு ஐயா,” என்றேன். “நிறையச் செய்து வைச்சிருக்கிறார். ஒவ்வொண்டாய்க் கொண்டுவந்து தாறம்.”